ஜோவிட்டா ஓடிய மணிநேரங்கள்

அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது ஐப்பசி அடைமழையில், நகராட்சி அலுவலகத்தைப் பூட்ட வேண்டிய நேரம் தாண்டி, வெளியே நன்றாக இருட்டிய பிறகு. ஊர் முழுக்கக் கரண்ட் போய், காற்றும் ஓய்ந்து, மழைகூட ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது போல் நின்ற அந்த இடைவெளியில், எங்கோ ஒரு தேன்கூடு விழித்துக்கொண்டது மாதிரி ம்ம்ம் என்று எழுந்தது, எழுந்து தணியாமல் ஒரே சீராக நின்றது, அது நிற்க நிற்க என் தலைக்கு மேலிருந்த டியூப்லைட் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு எரியத் தொடங்கியது.

ஜெனரேட்டர் ஓடுகிறது என்றுதான் அங்கிருந்த மூன்று பேரும் நினைத்தோம். பிறப்பு இறப்புப் பதிவில் தற்காலிக எழுத்தராக இருக்கிற நான், அலுவலக உதவியாளர் பேச்சித்தாய் அக்கா, நகராட்சிக்கு இருக்கிற ஒரே வயர்மேன் இசக்கிமுத்து அண்ணன். நினைத்து முடித்த பிறகுதான் ஜெனரேட்டர் செத்துப் பத்து நாளாகிறது என்பது மூன்று பேருக்கும் நினைவுக்கு வந்தது. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் வெள்ளோடையில் இரும்புக்கு ஆயுசு குறைவு. இருபது வருடம் உழைத்த அந்த மிஷினை உப்புக்காற்று உள்ளேயிருந்தே தின்றுவிட்டு மேல்தகட்டை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்திருந்தது.

இசக்கிமுத்து அண்ணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஜெனரேட்டர் சில்லென்று கிடக்கிறது, அதன்மேல் பூனை குட்டி போட்டிருக்கிறது என்றார். பிறகு டெஸ்டரை ஒவ்வொரு பிளக்கிலும் வைத்துப் பார்த்துக்கொண்டே, தலையைச் சாய்த்துச் சத்தம் வந்த திசையைத் தேடி, வரிப் பிரிவைத் தாண்டி, சுகாதாரப் பிரிவைத் தாண்டி, கடைசியில் என் மேஜைக்கே வந்து, இரண்டு ஃபைல் ரேக்குகளுக்கு நடுவில் என் பழைய சேலையில் கட்டியிருந்த தொட்டிலுக்கு முன்னால் நின்றார். உள்ளே என் ஐந்து மாத மகள் ஜோவிட்டா தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தில் அவள் உதட்டோரம் லேசாக நடுங்கியது. நான் பதறி எழுந்து கையை நீட்டினேன்.

"தூக்காத தங்கச்சி," என்றார் அண்ணன், ரகசியம் சொல்வது போல. "பிள்ள அசந்து தூங்குதா. கீழ தடுப்பூசி ஃப்ரிட்ஜ் ஓடிட்டு இருக்கு. கொஞ்ச நேரம் கிடக்கட்டும்."

நான் தூக்கவில்லை. எவ்வளவு யோசித்தும் எனக்கு இதுதான் தொடக்கமாகத் தெரிகிறது: சத்தமல்ல, வெளிச்சமல்ல, நீட்டிய கையை நான் மடக்கிக்கொண்டது.

கரண்ட் வந்ததும் சத்தம் நின்றது. இசக்கிமுத்து அண்ணன் எதையும் எழுதி வைக்காமல் விடாத மனிதர், கண்ணால் பார்க்காத எதையும் எழுதாதவரும்கூட. மறுநாள் காலையில் ஜெனரேட்டர் லாக் புக்கைத் திறந்து, ஓடத் தொடங்கிய நேரம் ஏழு பத்து, நின்ற நேரம் ஒன்பது நாற்பது, எரிபொருள் தாய்ப்பால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆணையாளரின் மேஜையில் வைத்தார். ஆணையாளர், வந்து மூன்று மாதமே ஆகியிருந்தும் முப்பது வருடமாகத் தூங்காதவர் போலிருந்த மனிதர், அதைப் படித்து, ஓரத்தில் 'கண்டேன்' என்று எழுதி, அடுத்த ஃபைலை எடுத்தார்.

அந்த வருடம் புயல் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. துணைமின்நிலைய வேலையும் நடந்ததால் தினமும் ஆறு மணிநேரம், ஏழு மணிநேரம் கரண்ட் இருக்காது. நகராட்சிக் கட்டடத்தில்தான் தடுப்பூசி ஃப்ரிட்ஜ் இருந்தது, அதன் வளாகத்தில்தான் பாதி ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் இருந்தது. அதனால் ஊர் ஜோவிட்டாவைப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. சான்றிதழ் வாங்க வரிசையில் நின்றவர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தடுப்பூசிக்கு வந்த தாய்மார்கள் என் பிள்ளைக்குச் சட்டை கொண்டுவந்தார்கள். உப்பளத்துப் பெண்கள் வேலை முடிந்து போகிற வழியில், வெள்ளை படிந்த காலோடு மாடியேறி, வராந்தா ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணி வந்துரும் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு குடத்தை எடுக்கப் போனார்கள். மாதா கோயில்காரர்கள் இது மாதாவின் வேலை என்றார்கள், அம்மன் கோயில்காரர்கள் அம்மனின் வேலை என்றார்கள், வாரச்சந்தையில் பேட்டரி விற்கிற ஆள் மட்டும் இது நீடிக்காது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற வருபவர்களுக்குப் பேச்சித்தாய் அக்கா டோக்கன் கொடுத்தாள். பதினான்காவது வார்டு உறுப்பினர் தன் வார்டு மோட்டாருக்கும் வாரத்தில் ஒருநாள் பிள்ளையை அனுப்ப முடியுமா என்று மனு கொடுத்தார்.

பிள்ளை பசியோடு தூங்கினால் விளக்கு மங்குகிறது, வயிறு நிறைந்து தூங்கினால் மோட்டார்கூட இழுக்கிறது என்று அண்ணன் கண்டுபிடித்தார். அதனால் நான் கணினியில் இறந்தவர்களின் பெயரை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஆணையாளர் அறையிலிருந்து ஆள் வந்து, பால் கொடுத்தாச்சாம்மா என்று பவ்யமாகக் கேட்டுவிட்டுப் போவான். அந்தக் கேள்வியை ஒருநாளில் ஒன்பது ஆண்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கப்பலில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் எங்கேயோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் செய்தபோது நான் இதைச் சொன்னேன். அவர், வேலையை நிரந்தரம் பண்ணுவாங்களான்னு கேட்டுப் பாரு செலின் என்றார்.

யாரும் கெட்டவர்களில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

மார்கழியில் நகராட்சிக்கு வந்த மின்கட்டண பில் பாதியாகக் குறைந்திருந்தது. ஆணையாளர் அதன் ஓரத்திலும் 'கண்டேன்' என்று எழுதினார். மறுநாளிலிருந்து, கரண்ட் இருக்கிற நேரத்திலும், பிள்ளை தூங்கினால் போதும், யாரோ போய் மெயினை இறக்கிவிட்டு வந்தார்கள். அப்புறம் பிள்ளை தூங்குவதற்காகவே காத்திருக்கத் தொடங்கினார்கள், அப்புறம் காத்திருக்காமல் தூங்கவைக்கத் தொடங்கினார்கள். தொட்டிலை ஆட்ட முறை வைத்து, ஆட்டுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதினார்கள். இருட்டிய பிறகு மோட்டார் ஓட வேண்டுமென்றால் வீட்டுக்கு ஜீப் வரும், அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய், விடிவதற்குள் இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுப்பார். கூடவே போய் கட்டை பெஞ்சில் உட்கார்ந்தபடி நானும் தூங்கிப்போவேன். எல்லாருக்குமே அசதி. வெள்ளோடையில் அந்த வருடம் நன்றாகத் தூங்கியது என் மகள் ஒருத்திதான்.

தை முடிவில் தடுப்பூசி போடுகிற நர்ஸம்மா ஜோவிட்டாவை எடைத் தட்டில் கிடத்தி, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துவிட்டு, அட்டையை என் பக்கம் திருப்பினார். மற்ற பிள்ளைகளின் கோடு மாடிப்படி போல ஏறுகிற இடத்தில் என் பிள்ளையின் கோடு படுத்துக் கிடந்தது. சத்து மருந்து எழுதிக் கொடுத்தார், வேறென்ன செய்வார். மாசியிலும் அப்படியே. பங்குனி பிறந்தபோது ஜோவிட்டாவுக்குப் பத்து மாதம். அவள் வயதுப் பிள்ளைகள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவள் ஏழு மாதப் பிள்ளை அளவுக்குத்தான் இருக்கிறாள் என்றார் நர்ஸம்மா; ஒரு பல் இல்லை, உட்காரவைத்தால் பக்கவாட்டில் சரிகிறாள், ஐந்து மாதத்தில் தைத்த சட்டை இன்னும் போதுமானதாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாக் புக்கை வீட்டுக்கு எடுத்து வந்து, அண்ணனின் சாய்ந்த கையெழுத்தில் இருந்த மணிநேரங்களை எல்லாம் கூட்டினேன். இரண்டாயிரத்து நூற்று அறுபது வந்தது. இருபத்து நான்கால் வகுத்தேன். தொண்ணூறு நாள். மூன்று மாதம். ஒரு மணிநேரம் கூடவுமில்லை, குறையவுமில்லை, என் மகளுக்கு எத்தனை மாதம் காணாமல் போயிருந்ததோ அத்தனை. விளக்கெரிந்த நேரம் எதுவும் அவள் வயதில் சேரவில்லை. கீழே பெட்டியில் மற்ற பிள்ளைகளின் தடுப்பூசி கெடாமல் இருந்த ஒவ்வொரு மணிநேரமும், மேலே அவள் அப்படியே கிடந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை ஆணையாளரிடம் சொன்னேன். அவர் லாக் புக்கையும் வளர்ச்சி அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். நல்ல ஜெனரேட்டராக ஒன்று வாங்கிவிடுவோம், அதற்கான நிதி இருக்கிறது, ஆனால் மார்ச் முடிவதற்குள் வாங்காவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும், நீங்களே ஃபைலைப் போடுங்கள் என்றார். அப்போது எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அந்தப் பத்து நாள் எழுதியது போலக் கன்னியர் மடத்துப் பள்ளியில் பரீட்சைகூட எழுதியதில்லை. கட்டடத்துக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், எந்த அளவு மிஷின் வாங்கினால் மோட்டாரும் ஃப்ரிட்ஜும் சேர்ந்து இழுக்கும், உப்புக்காற்றுக்கு எந்தப் பூச்சு தாங்கும் என்று அண்ணனைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். மதுரைக் கம்பெனி ஒன்று டீசல் ஜெனரேட்டருக்கு விலை அனுப்பியது. திருநெல்வேலிக் கம்பெனி ஒன்று மொட்டை மாடியில் சோலார் தகடும் கீழே பேட்டரியும் வைக்க விலை அனுப்பியது. மூன்றாவதாகக் கோயம்புத்தூரிலிருந்து வருவதாகச் சொன்ன கொட்டேஷன் வரவில்லை. மூன்று இல்லாவிட்டால் ஃபைல் நகராது. ஒப்பீட்டுப் பட்டியலில் மூன்றாவது கட்டம் வெறிச்சென்று கிடந்தது, கடைசி நாளுக்கு நான்கு நாள் இருந்தது.

பள்ளியில் பன்னிரண்டு வருடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, எந்தப் படிவத்திலும் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே, உண்மை எதுவோ அதை நிரப்பு என்பது. நான் நிரப்பினேன். மூன்றாவது கட்டத்தின் தலையில் 'தற்போதைய ஏற்பாடு: ஜோவிட்டா, பெண் குழந்தை' என்று எழுதினேன். விலை என்ற இடத்தில் இல்லை என்றும், எரிபொருள் என்ற இடத்தில் தாய்ப்பால், கேழ்வரகுக் கூழ் என்றும், புகை இல்லை, இரைச்சல் மிகக் குறைவு, வழங்கும் காலம் உடனடி என்றும் எழுதினேன். உத்தரவாதம் எத்தனை வருடம் என்று கேட்டிருந்தது. நான் இருக்கும்வரை என்று எழுதினேன். ஒரு மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் பெயரை இப்படி வரிசையாகப் பார்த்தால் யாருக்கும் வெட்கம் வரும், வெட்கத்தில் மிஷினுக்குக் கையெழுத்துப் போடுவார்கள் என்று நினைத்தேன். பட்டியலை எப்படிப் படிப்பார்கள் என்பது அங்கேயே வேலை பார்க்கிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலிருந்து கீழே யாரும் படிப்பதில்லை. விலை வரிசையை மட்டும் இடமிருந்து வலமாகப் படித்து, குறைந்ததற்கு வட்டம் போடுவார்கள்.

மன்றக் கூட்டத்தில் கணக்கர் எழுந்து, உண்மையிலேயே வருத்தப்பட்ட குரலில், குறைந்த விலையை விட்டுவிட்டுக் கூடின விலையை எடுத்தால் ஆடிட்டில் தன் பென்ஷனில் கை வைப்பார்கள், தனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம்தான் இருக்கிறது என்றார். பதினான்காவது வார்டு உறுப்பினர், வளராவிட்டால் ஸ்கூல் ஃபீஸ் மிச்சம்தானே என்றார். சிலர் சிரித்தார்கள். சிரித்த பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார். நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். தற்காலிக ஊழியர்கள் மன்றத்தில் பேசக்கூடாது. பேசினேன். தொண்ணூறு நாளைப் பற்றிச் சொன்னேன், இப்படியே போனால் இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகும்போது இவள் தொட்டிலில்தான் கிடப்பாள், நான் கிழவியாகிச் செத்த பிறகும் இவள் பாலுக்கு அழுவாள் என்றேன். அந்தக் கட்டத்தை அடித்துவிடுங்கள் என்று கேட்டேன்.

நகர்மன்றத் தலைவி குருவம்மாள் நாலு பிள்ளை பெற்றவள், உப்பளத்தில் உப்பு வாரிய கைதான் அவளுக்கு. என்னை நிமிர்ந்து பார்த்து, அதட்டாமல், அலுத்துப்போன குரலில் சொன்னாள்:

"நீதான எழுதிக் குடுத்த. இப்ப நீயே வேண்டாங்க. நாங்க உன் எந்தப் பேச்ச நம்ப, சொல்லு தாயி? எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா தண்ணி வரலன்னா அம்புட்டுப் பொம்பளையும் என் வாசல்லதான நிக்காளுவ."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. விற்பவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. பிள்ளைக்காக நான் போட வேண்டும். ஒப்பந்தத்தை உறையில் வைத்து என்னிடம் கொடுத்தார்கள். வெளியே வரும்போது ஆணையாளர் மெதுவாக, அடுத்த வருடம் பார்க்கலாம்மா என்றார். யாருடைய அடுத்த வருடம் என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு வேலை முடிவதற்கு முன்பே, கையெழுத்துப் போடாமல் உறையை மேஜையிலேயே விட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளைத் தூங்கவிடவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தேன், கிலுகிலுப்பையை ஆட்டினேன், பாதத்தில் கிச்சுக்கிச்சு மூட்டினேன், கண் சொருகும்போதெல்லாம் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தேன். இருட்டிக்கொண்டு வந்தபோது தெருவிளக்கு அணைந்தது, எதிர்வீட்டு டி.வி. பாதிப் பேச்சில் நின்றது. ஊர் மொத்தமும் பொறுமையாக, அந்த ம்ம்ம் வருவதற்குக் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பதிலாக ஜோவிட்டா அழுதாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் அப்படி, அடிவயிற்றிலிருந்து, வீடு அதிர அழுதாள். பிறகு ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

கதவு சாத்தித்தான் இருந்தது. தள்ளித் திறந்து, வாசல்படிக்கு வெளியிலேயே இசக்கிமுத்து அண்ணன் நின்றார். ஒரு கையில் டார்ச்சும் ஒரு தாளும், இன்னொரு கையில் பசை டப்பா. ஜீப்பில் வேறு யாரோ இருந்தார்கள், இறங்கவில்லை.

"ஃப்ரிட்ஜ் நாலு மணிநேரம்தான் குளிரு தாங்கும் தங்கச்சி," என்றார்.

"ஐஸ் ஃபேக்டரிக்குக் கொண்டு போங்க அண்ணே," என்றேன். மத்தியானத்திலிருந்து அதைத்தான் யோசித்து வைத்திருந்தேன். "மீன் பெட்டியில் ஐஸ் போட்டு மருந்தை வைங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். தொட்டியில் பாதித் தண்ணி இருக்கு. காலையில் ஊருக்கு ஆளுக்கு நாலு குடம் வரும். அதுக்குள்ள மதுரைக்குப் போன் போடச் சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டினார். அது சம்மதமா என்று எனக்குத் தெரியவில்லை. டார்ச் வெளிச்சத்தைத் தாளில் விழவைத்து, ஓடியதை மட்டுமே எழுதுகிற மனிதர் எப்படிப் படிப்பாரோ அப்படி, ஒவ்வொரு சொல்லாக அந்த ஆணையைப் படித்தார். வரி பாக்கிக்காரர்களின் வீட்டுக்கு அனுப்புகிற பழைய படிவத்தில் மேலே மட்டும் பெயரை மாற்றியிருந்தார்கள். வீடு திறந்திருக்கும் பட்சத்தில் உள்ளே சென்று மேற்படி பொருளைப் பெற்றுவர வேண்டியது. உட்புறம் தாழிடப்பட்டிருக்கும் பட்சத்தில் கதவில் அறிவிப்பை ஒட்டிவிட்டுத் திரும்ப வேண்டியது. படித்து முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல், என் தோளில் கிடந்து அழுகிற பிள்ளையையும் பார்க்காமல், நிலைப்படியின் மேல்கட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கதவு சும்மா சாத்தித்தான் கிடந்துச்சு. அதத்தான் நான் எழுதணும்."

நான் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினேன்.

"இன்னொரு மட்டம் தட்டிப் பாக்கேன்," என்றார். "அப்ப எப்படி இருக்கோ அப்படி எழுதுதேன்."

சொல்லிவிட்டுக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். டார்ச் அணைந்தது. அவர் வாசலிலேயே நின்று மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. ராத்திரியில் ஜீப்பில் வருகிறவர்கள் கதவைத் தட்டினால் பிள்ளை விழித்துக்கொள்வாள் என்று ஐந்து மாதமாக அந்தத் தாழ்ப்பாளை நான் தொட்டதே இல்லை. உப்பு பூத்துப் பச்சையாக இறுகிப்போயிருந்தது. ஒரு கையால் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஜோவிட்டாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அடுப்படியில் தடவித் தடவிச் சப்பாத்திக் கட்டையை எடுத்து வந்து, இருட்டில் தாழ்ப்பாளின் தலையைப் பார்த்துத் தட்டினேன், மறுபடி தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் பிள்ளை இன்னும் ஓங்கி அழுதாள், ஜீப்பிலிருந்து யாரோ என்ன அது என்று கேட்டார்கள், அண்ணன் பதில் சொல்லவில்லை. மூன்றாவது தட்டில் தாழ் உறுமிக்கொண்டு நகர்ந்து நிலையின் துளைக்குள் முழுதாக இறங்கியது.